குமரி மலையில் சாலமாண்டர் தேடுவோருக்கு

பல்லிபோல் உருவமும் தவளைபோல் ஈரத்தோலும் கொண்ட சாலமாண்டர் என்ற பிராணி கன்னியாகுமரி மாவட்டத்தில் கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் எந்தப் பகுதியிலும் கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் கீரிப்பாறை, காளிகேசம், பேச்சிப்பாறை பக்கமிருந்து யாராவது ஒருவர் கைபேசியில் படம் எடுத்து "இது சாலமாண்டர்தானே?" என்று கேட்கத் தவறுவதில்லை. கேள்வியில் தவறு ஒன்றுமில்லை. ஈரப்பாறை, மக்கிய கட்டை, முழங்கால் வரை சருகு, இறங்கி நிற்கும் மேகம் என்று வெளிநாட்டுப் படங்களில் சாலமாண்டர் வாழும் இடமெல்லாம் நம் மலையிலும் அப்படியே இருக்கிறது. இடம் இருக்கிறது, ஆள் மட்டும் இல்லை. அந்த இடத்தில் குடியிருப்பவர்கள் வேறு: தவளைகளும், மண்ணுக்குள் வாழும் காலில்லாத சிசிலியன்களும். அவர்களைத் தேடும் முறையும் பாதிதான் சாலமாண்டர் தேடும் முறையோடு ஒத்துப்போகும்.

வரும் படங்களில் பெரும்பாலானவை அரணை. "அரணை நக்கினால் மரணம்" என்று பழி சுமக்கும் அதே அரணைதான். மழையில் நனைந்து பளபளக்கும்போது ஈரத்தோல் உள்ள பிராணிபோலத் தெரியும். அரணைக்கு உடம்பெங்கும் செதில் உண்டு, விரல் நுனியில் நகம் உண்டு, கண்ணுக்குப் பின்னால் காதுத் துளை உண்டு. சாலமாண்டருக்கு இவை மூன்றுமே இல்லை. சிலர் விரலை எண்ணிப் பார்ப்பார்கள். சாலமாண்டரின் முன்காலில் நான்கு விரல், பின்காலில் பெரும்பாலும் ஐந்து என்பது உண்மைதான். ஆனால் நம் மலைச் சருகில் ரிஸ்டெல்லா என்ற சிறிய அரணை இனம் இருக்கிறது. அதற்கும் முன்காலில் நான்கு, பின்காலில் ஐந்து. போதாததற்குப் பூனைபோல நகத்தை உறைக்குள் இழுத்துக்கொள்ளும். விரலை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். செதிலைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு வகைப் படம் ஓடையோரத்தில் எடுத்ததாக இருக்கும். நான்கு காலும் வாலும் உள்ள அரை அங்குலக் குஞ்சு. அது தலைப்பிரட்டை நிலையிலிருந்து கரையேறும் தவளைக்குட்டி. வால் முழுதும் சுருங்கச் சில நாள் ஆகும், அந்தச் சில நாளில்தான் இந்தக் குழப்பம். தவளைக்குப் பின்கால் முதலில் முளைக்கும், முன்காலைவிட நீளமாகவும் மடிந்தும் இருக்கும். சாலமாண்டர் குஞ்சுக்குப் பெரும்பாலும் முன்கால்தான் முதலில் வரும், கழுத்தின் இரு புறமும் இறகுபோல் செவுள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

இந்தியாவில் சாலமாண்டர் பார்க்க வேண்டுமானால் கிழக்கு இமயமலைக்கும் வடகிழக்கு மாநிலங்களுக்கும்தான் போக வேண்டும். டார்ஜிலிங் பக்கம் ஜோர்போக்ரியில் அதற்கென்றே ஒரு சரணாலயம் இருக்கிறது. டைலோட்டோட்ரைட்டான் என்ற பேரினத்தைச் சேர்ந்த அந்தப் பிராணியை நெடுங்காலம் 1871-இல் பெயரிடப்பட்ட வேறோர் இனத்தோடு சேர்த்தே எண்ணிவந்தார்கள். 2015-இல்தான் நேபாளம், டார்ஜிலிங் பகுதியில் உள்ளவற்றைப் பிரித்து இமயமலையின் பெயரால் தனி இனமாக்கினார்கள். மழைக்காலத்தில் குட்டைகளில் இறங்கி முட்டையிடும், மற்ற நாளில் கல்லுக்கும் சருகுக்கும் அடியில் கிடக்கும்.

அங்கே இருப்பது இங்கே ஏன் இல்லை? குளிர் போதாது என்பது பதில் ஆகாது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 பாகை குறையும். நாகர்கோவிலில் 30 பாகை என்றால் மலைமேல் இருக்கும் முத்துக்குழிவயல் உயரத்தில் 22-ஐ ஒட்டி இருக்கும். ஈரத்துக்கும் பஞ்சமில்லை. காரணம் தட்பவெப்பத்தில் இல்லை, நிலத்தின் வரலாற்றில் இருக்கிறது. சாலமாண்டர்கள் வட கண்டங்களில் தோன்றிப் பரவியவை. இன்றும் அவற்றின் பெருங்கூட்டம் வட அமெரிக்காவிலும், அங்கிருந்து தெற்கே இறங்கிய வழியில் நடு அமெரிக்காவிலும் இருக்கிறது. நம் நிலமோ தெற்கில், ஆப்பிரிக்காவோடும் மடகாஸ்கரோடும் சீஷெல்ஸ் தீவுகளோடும் ஒட்டிக் கிடந்தது. பிரிந்து வடக்கே நகர்ந்து ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் மோதியது. மோதிய பிறகு வடகிழக்கு வழியாக உள்ளே வந்த பிராணிகள் பல. அவற்றில் சாலமாண்டர் இமயமலைச் சரிவோடு நின்றுவிட்டது. ஈரத்தோலை வைத்துக்கொண்டு கங்கைச் சமவெளியையும் தக்காணத்தின் கோடையையும் தாண்டுவது நடக்கிற காரியமில்லை.

அதற்குப் பதிலாகத் தெற்கிலிருந்து கப்பலேறி வந்தவைபோல நம்மிடம் சில பழங்குடிகள் உண்டு. 2003-இல் விவரிக்கப்பட்ட ஊதாத் தவளையின் நெருங்கிய உறவு சீஷெல்ஸ் தீவில் இருக்கிறது. நம் மண்ணுக்குள் வாழும் சிசிலியன்களில் கெஜெனியோஃபிஸ் வகைக்கும் அங்கேதான் உறவு. சிசிலியன் என்றால் காலில்லாத இருவாழ்வி. தவளை, சாலமாண்டர், சிசிலியன் இவை மூன்றும்தான் இருவாழ்விகளின் மூன்று கிளைகள். முதலும் மூன்றும் நமக்கு வாய்த்தவை, இரண்டாவது வாய்க்காதது. இந்தியாவில் இதுவரை பெயரிடப்பட்ட சிசிலியன் இனங்கள் ஏறத்தாழ 40, அவற்றில் பெரும்பாலானவை மேற்குத் தொடர்ச்சி மலையில்.

ஆக, கல்லையும் கட்டையையும் புரட்டிச் சத்தமில்லாத ஈரப்பிராணியைத் தேடும் கலை இங்கே சிசிலியனுக்குத்தான் உதவும். தவளைக்கு அது இரண்டாம்பட்சம். சாலமாண்டர் கூப்பிடாது. நம் தவளைகள் கூப்பிடும். அமெரிக்க மலைகளுக்காக எழுதப்பட்ட குறிப்புகளை அப்படியே எடுத்துக்கொண்டு நாள் முழுக்கக் கல் புரட்டுகிறவருக்கு, அதே சரிவில் இரவு 8 மணிக்குப் பத்து நிமிடம் அசையாமல் நின்று கேட்டவருக்குக் கிடைப்பதில் பாதிகூடக் கிடைக்காது.

எங்கே, எப்போது

மலையின் எந்தப் பக்கம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய் பக்கம் காற்றாடிதான் சுற்றும், முள்புதர்தான் மண்டும். கிழக்குச் சரிவு மழை மறைவு. தேட வேண்டியது மேற்குச் சரிவு: அழகியபாண்டியபுரத்துக்கு மேலே கீரிப்பாறை, காளிகேசம், மாறாமலை, அங்கிருந்து வடக்கே கோதையாற்றின் தலைப்பகுதி வரை. அடிவாரத்தில் ரப்பர், அதற்கு மேல் கிராம்புத் தோட்டம், அதற்கும் மேலே பசுமைமாறாக் காடு, உச்சியில் புல்லும் சோலையும் என்று ஒரே மலையில் நான்கு அடுக்கு இருப்பது நமக்கு வசதி. ஒவ்வோர் அடுக்கிலும் தவளைக் கூட்டம் மாறும். செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே உள்ள இந்த அகத்தியமலைத் தொகுதிக்கென்றே உரிய தவளைகள் பல உண்டு. அதனால் ஆனைமலைப் படத்தையோ மூணாறு படத்தையோ பார்த்து இங்குள்ளதற்குப் பெயர் வைக்கக் கூடாது.

அனுமதி இல்லாமல் காட்டுக்குள் கால் வைக்க முடியாது. கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் ஏறத்தாழ 402 சதுர கிலோமீட்டர். மாவட்டத்தின் மலைக்காட்டில் பெரும்பகுதி அதற்குள் அடங்கும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு நுழைவைக் கட்டுப்படுத்துகிறது, 28-ஆம் பிரிவு ஆய்வு, படப்பிடிப்பு போன்றவற்றுக்கு அனுமதி தர வழி செய்கிறது. பிடித்து அளப்பதானால் சென்னையில் உள்ள தலைமை வனஉயிரினக் காப்பாளரின் எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். மேல் கோதையாற்றுக்குச் சாலை வழி நம் பக்கமிருந்து இல்லை. அம்பாசமுத்திரம், மணிமுத்தாறு, மாஞ்சோலை என்று சுற்றித்தான் போக வேண்டும், அது புலிகள் காப்பகத்தின் கட்டுப்பாட்டில் உள்ள வழி. 2023-இல் அரிக்கொம்பன் யானையைக் கொண்டுபோய் விட்டதும் அந்தப் பக்கம்தான். இரவில் தவளை தேடுகிறவர் தலை குனிந்தே நடப்பார், யானை நிற்பதை அவர் கவனிப்பதற்குள் காரியம் கெட்டுவிடும். இந்த மலையின் பழங்குடிகளான காணி மக்களில் வழி தெரிந்த ஒருவரும் வனக்காவலர் ஒருவரும் இல்லாமல் போகக் கூடாது.

அனுமதிக் கடிதம் வரும்வரை காத்திருப்பவர்கள் தங்கள் வாழைத்தோட்டத்திலோ ரப்பர் விளையிலோ தொடங்கலாம். சிசிலியனுக்கு அது ஒன்றும் குறைந்த இடமில்லை. இடம் தனியாருடையது என்பதால் விலங்கும் தனியாருடையதாகிவிடாது. பார்க்கலாம், படமெடுக்கலாம், எடுத்துக்கொண்டு போகக் கூடாது.

குமரிக்கு இரண்டு மழை. இடவப்பாதியில் தொடங்கும் தென்மேற்குப் பருவம் ஒன்று, ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் வடகிழக்குப் பருவம் இன்னொன்று. புதர்த்தவளைகள் முதல் மழை இறங்கிய வாரத்திலேயே கத்தத் தொடங்கிவிடும். ஓடைத் தவளைகளில் சிலவற்றுக்கு அந்தப் பெருவெள்ளம் ஆகாது. நடனத்தவளை எனப்படும் மிக்ரிக்ஸாலஸ் வகை, வெள்ளம் வடிந்து ஓடை அடங்கிய பிறகுதான் பாறைமேல் ஏறி உட்கார்ந்து பின்காலை நீட்டி ஆட்டிக் காட்டும். ஓடை இரைச்சலில் குரல் எடுபடாததால் காலால் பேசுகிறது என்று கொள்ளலாம். 2014-இல் ஒரே ஆய்வில் இந்த வகையில் 14 புதிய இனங்கள் விவரிக்கப்பட்டன. இதற்கு இரவு வேண்டாம், பகல் வெளிச்சமே போதும். பிப்ரவரி, மார்ச்சில் மலையேறுவது வீண். மண் காய்ந்தால் சிசிலியன் ஆழத்துக்குப் போய்விடும்.

பகலில்: கட்டை, கல், மண்

கட்டையைப் புரட்டும்போது எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்துத் தன்பக்கமாகத் தூக்க வேண்டும். அப்போது அடியில் இருப்பதற்கும் நம் காலுக்கும் நடுவே கட்டை தடுப்பாக நிற்கும். கைவிரலை விட்டுத் துழாவாமல் ஓர் இரும்புக் கொக்கியால் தூக்குவது நல்லது. அடிவார ரப்பர் தோட்டங்களிலும் ஈரச் சருகிலும் கூம்புமூக்குக் குழிவிரியன் அதிகம். ஒரு சாணுக்குச் சற்று மேல் நீளம், சருகின் நிறம், மிதிக்கும்வரை நகராது. மேலே போகப்போகப் பச்சை நிறக் குழிவிரியன்கள் கிளையில் சுருண்டிருக்கும். நம் மருத்துவமனைகளில் உள்ள பாம்புக்கடி முறிமருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்கின் நஞ்சுக்காகத் தயாரிக்கப்பட்டது. கூம்புமூக்கு விரியனுக்கு அது வேலை செய்யாது, சிறுநீரகத்தைக் கவனித்துக்கொள்ளும் சிகிச்சைதான் வழி. முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் இல்லாமல் இந்த வேலைக்கு இறங்கக் கூடாது.

உள்ளே ஏதாவது இருந்தால் முதலில் அதைப் பக்கத்தில் நகர்த்திவிட்டு, கட்டையை எடுத்த அதே தடத்தில் அதே முகமாக வைத்து, பிறகு பிராணியை விளிம்பில் விட்டுத் தானே உள்ளே போகவிட வேண்டும். பிராணியின் மேலேயே கட்டையை இறக்கி நசுக்குவதுதான் புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. மக்கிய கட்டையை உடைத்துப் பார்ப்பது அதைவிட மோசம். உள்ளே ஈரம் பிடித்து வைத்திருக்கும் அளவுக்கு ஒரு மரம் மக்கப் பல ஆண்டு ஆகும். நாம் ஐந்து நிமிடத்தில் தூளாக்கிவிட்டு வந்தால் அடுத்த மழைக்கு அந்த இடத்தில் ஒன்றும் இருக்காது. ஒருமுறை புரட்டியதை இரண்டு வாரத்துக்காவது மறுபடி தொடாமல் விடுவது நல்லது.

தோட்டங்களில் கட்டை கிடைக்காவிட்டால் பலகை போட்டு வைக்கலாம். சாலமாண்டர் ஆய்வில் நெடுநாளாகப் புழங்கும் முறை இது. ஒரு அடிக்கு ஒரு அடி, ஒரு அங்குலக் கனம், சருகை ஒதுக்கி மண்ணோடு ஒட்டும்படி வைக்க வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை: கடையில் வரும் ரப்பர் பலகை பூச்சி அரிக்காதிருக்கப் போரான் மருந்து ஏற்றியது, அது வேண்டாம். அயினியோ பலாவோ போதும். கறையான் ஏறும், ஏறட்டும். கறையானும் மண்புழுவும் சிசிலியனுக்குச் சாப்பாடு.

கெஜெனியோஃபிஸ் போன்றவற்றைப் பலகைக்கு அடியில் காத்திருந்து பிடிக்க முடியாது, தோண்டத்தான் வேண்டும். ஓடையிலிருந்து சற்றே மேடான கருமண், மண்புழு தள்ளிய மண்குவியல் நிறையக் காணும் இடம், அழுகும் வாழைத்தடையின் அடி, சாண எருக்குவியலின் ஓரம், மரச்சீனி பறித்த பாத்தி ஆகியவை முதலில் பார்க்க வேண்டியவை. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கட்டம் போட்டு, 30 சென்டிமீட்டர் ஆழம் வரை, ஒரு தடவைக்கு நான்கைந்து சென்டிமீட்டர் கனத்தில் பக்கவாட்டில் சீவி எடுக்க வேண்டும். சரிவில் கீழ்ப்பக்கமிருந்து தொடங்கினால் மண் கட்டத்துக்குள் சரியாது. மண்வெட்டியை மேலிருந்து ஓங்கிப் போட்டால் பிராணி இரண்டு துண்டாகத்தான் வெளியே வரும். களைக்கொத்தி போதும். எடுத்த மண்ணை ஒரு சாக்கின்மேல் கொட்டி விரலால் உதிர்த்துப் பார்த்துவிட்டு, அடி மண் அடியிலும் மேல் மண் மேலேயுமாகத் திருப்பிப் போட்டு, சருகை மூட வேண்டும். பல கட்டம் தோண்டியும் ஒன்றும் கிடைக்காமல் போவது இதில் சாதாரணம்.

மண்புழுவா சிசிலியனா என்று சந்தேகம் வந்தால் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். சிசிலியனுக்கு வாய் உண்டு, தாடை உண்டு, பல் உண்டு. கண் இருக்குமிடம் ஒரு புள்ளியாகவோ தோலுக்கடியில் மறைந்தோ இருக்கும், கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு நுண்ணிய உணர்கொம்பு நீளும். முதுகெலும்பு இருப்பதால் கையில் எடுத்தால் தசைத் திமிறல் தெரியும், மண்புழுபோலத் தொங்காது. புழுப்பாம்புக்கும் கேடயவால் பாம்புக்கும் உடம்பு உலர்ந்து செதிலோடு இருக்கும், சிசிலியனின் உடம்பு வழுவழுவென்று வளைய வளையமாக இருக்கும். பக்கவாட்டில் மஞ்சள் பட்டை இருந்தால் அது இக்தியோஃபிஸ் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். அதன் தாய், மண்ணறைக்குள் முட்டைக் கொத்தைச் சுற்றிச் சுருண்டு கிடக்கும். அப்படி ஒன்றைக் கண்டால் படம்கூட எடுக்காமல் மூடிவிட வேண்டும். தோட்டத்தில் வேலை செய்வோர் இதைப் பாம்புக்குட்டி என்று அடித்துப்போடுவது வழக்கம். இதற்கு நஞ்சுப்பல் கிடையாது. தோல்நீர் கண்ணில் பட்டால் எரியும், அவ்வளவுதான்.

இரவில்: முதலில் காது

7 மணியிலிருந்து 10 மணி வரை நல்ல நேரம். இடத்துக்குப் போனதும் விளக்கை அணைத்துப் பத்து நிமிடம் நிற்க வேண்டும். நாம் நடந்த அதிர்வில் அடங்கிய குரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்ப எழும். கைபேசியில் ஒரு நிமிடம் பதிவு செய்து, நேரமும் இடமும் சொல்லி முடிக்கலாம். பிறகுதான் தேடல். ராவோர்கெஸ்டிஸ் எனப்படும் புதர்த்தவளைகள் பெரும்பாலும் இரண்டு, மூன்று சென்டிமீட்டர்தான். குரலோ பத்து மடங்கு பெரியது, அதனால் எப்போதும் உண்மைத் தூரத்தைவிட அருகில் இருப்பதாகவே தோன்றும். இரண்டு பேர் சற்றுத் தள்ளி நின்று, குரல் வரும் திசையை இருவரும் கையால் காட்டி, இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் தேடினால் விரைவில் அகப்படும். இலையின் மேல்பரப்பு, தண்டு, இலையின் அடிப்பரப்பு என்ற வரிசையில் பார்க்கலாம்.

இந்த வகைக்குத் தலைப்பிரட்டைப் பருவம் வெளியே இல்லை. முட்டைக்குள்ளேயே தவளையாகி வெளிவரும். அதனால் குளம் இல்லாத சரிவிலும் இருக்கும், ஓடையோரத்தில் மட்டும் தேடினால் தவறிவிடும். ஈத்தை மூங்கில் புதர்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். 136 ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்து 2011-இல் மீண்டும் அறிவிக்கப்பட்ட சலசோடஸ் என்ற பச்சைப் புதர்த்தவளை, பக்கத்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டில் ஈத்தையின் கணுவிடைக்குள் முட்டையிடுவது பின்னர் தெரியவந்தது. ஈத்தையில் இருக்கும் சிறிய வெடிப்பு வழியாக உள்ளே போகிறது, ஆண் உள்ளேயே காவலிருக்கிறது. உள்ளே இருப்பதைப் பார்க்க ஈத்தையைப் பிளந்தால் அந்தக் குடும்பம் முடிந்தது. வெடிப்பில் விளக்கடித்துப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நீரோடும் செங்குத்துப் பாறையில் வாலாட்டித் தாவும் சிறு உருவங்கள் தெரிந்தால் அவை பெரும்பாலும் இந்திரானா என்ற தவளை வகையின் தலைப்பிரட்டைகள். தண்ணீருக்குள் இறங்காமல் ஈரப்பாறையிலேயே வளர்பவை.

விளக்கு விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. தவளையின் கண் மின்னுவது தெரிய வேண்டுமானால் விளக்கு நம் கண்மட்டத்தில் இருக்க வேண்டும், அதற்குத் தலைவிளக்கு ஏற்றது. மேகம் இறங்கிவிட்டால் அதே தலைவிளக்கு வெள்ளைச் சுவரை எழுப்பிவிடும். அப்போது கைவிளக்கை இடுப்புக்குக் கீழே பிடித்துச் சாய்வாக அடிக்க வேண்டும், கண் மின்னல் கிடைக்காது, உருவத்தைத்தான் தேட வேண்டும். ஆகவே இரண்டும் வேண்டும். பச்சையும் நீலமுமாக ஊசிமுனைபோல் மின்னுவது சிலந்தி.

அட்டைக்காக நம்மவர்கள் காலில் பூசும் உப்பு, சுண்ணாம்பு, மூக்குப்பொடி, கொசுமருந்து எதுவும் கையில் இருக்கும்போது தவளையைத் தொடக் கூடாது. அது தோலால் தண்ணீர் குடிக்கிற பிராணி, தோலில் பட்டது உள்ளே போய்விடும். கை கழுவும் மருந்தும் அப்படித்தான். தொட்டே ஆக வேண்டுமானால் பொடி இல்லாத கையுறை, ஒரு தவளைக்கு ஒரு ஜோடி. ஈர இலை போட்ட புதிய நெகிழிப்பையில் சில நிமிடம் வைத்துப் படமெடுத்துவிட்டு எடுத்த இலையிலேயே விட வேண்டும். பெயர் கண்டுபிடிக்க முதுகுப்படம் மட்டும் பயன்படாது. பக்கவாட்டு முகம், கண்ணின் நிறம், வயிறு, தொடையின் உள்பக்க நிறம், விரலிடைச் சவ்வு ஆகியவையும், பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயமும் வேண்டும். நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர், அளவுகோலுக்கு அதுவே போதும்.

பூட்ஸில் ஒட்டிய சேறு ஓர் ஓடையின் நோயை இன்னோர் ஓடைக்குக் கொண்டுபோகும். தவளைகளை உலகெங்கும் அழித்த கைட்ரிட் பூஞ்சை மேற்குத் தொடர்ச்சி மலையிலும் பதிவாகியிருக்கிறது. 2013-இல் பெயரிடப்பட்ட அதன் உறவுப் பூஞ்சை ஐரோப்பிய சாலமாண்டர்களைக் கொன்றது. ஓர் ஓடையிலிருந்து வேறு ஓடைக்குப் போகுமுன் சேற்றை முழுக்கத் தேய்த்துக் கழுவி, கடையில் வாங்கும் 4 விழுக்காடு பிளீச்சிங் திரவம் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி ஐந்து நிமிடம் விட்டு, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் முற்றக் காயவைக்க வேண்டும். சேறு இருக்கும்போது மருந்து ஊற்றினால் மருந்து சேற்றோடு தீர்ந்துவிடும், பூஞ்சைக்கு ஒன்றும் ஆகாது. இதை ஓடைக்கரையில் செய்யவே கூடாது, வண்டி நிற்குமிடத்தில் செய்ய வேண்டும்.

குறிப்பேட்டில் தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், தேடிய ஆள்கள், உயரம், காற்றின் வெப்பம், ஈரப்பதம், கடைசியாக மழை பெய்தது எப்போது என்று எழுத வேண்டும். இரண்டு பேர் இரண்டு மணி நேரம் தேடினால் நான்கு ஆள்மணி. அந்த எண் இல்லாமல் "ஆறு தவளை பார்த்தோம்" என்று எழுதுவதை அடுத்த ஆண்டோடு ஒப்பிட முடியாது. ஒன்றும் கிடைக்காத இரவையும் அதே வரிசையில், சுழியம் என்று எழுதிவைக்க வேண்டும். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற, உயிரினப் படங்களைப் பதியும் இணையதளங்களில் ஏற்றும்போது துல்லியமான இடக்குறியை மறைத்து ஏற்றுங்கள். அரணைப் படத்தையும் சேர்த்தே ஏற்றலாம். ரிஸ்டெல்லாவாக இருந்தால் அதுவும் தேவைப்படுகிற பதிவுதான்.